பக்கம் கேட்கிறவர்

சூடான எதையும் அவர் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. லாரியின் பிரேக் டிரம், வெயிலில் நின்ற பானட், டீக்கடைப் பாய்லர், காய்ச்சலில் படுத்திருப்பவரின் நெற்றி, எதுவானாலும் வலது கையைத் திருப்பிப் புறங்கையைத்தான் கொண்டுபோய் வைப்பார். இரண்டு நொடி அப்படியே இருப்பார். பிறகு தீர்ப்பு வரும். இது நல்லா வேலை பாத்திருக்குது என்பார். அல்லது, சத்தம்தான் போட்டிருக்குது, வேலை ஒண்ணும் நடக்கல என்பார். காய்ச்சல்காரர்களுக்கும் இதே தீர்ப்புதான் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்ததுண்டு.

நாமக்கல் வட்டாரத்தில் லாரி கவிழ்ந்தாலும், கார் கிணற்றில் இறங்கினாலும், போர்வெல் ரிக் வண்டி சேற்றில் புதைந்தாலும் அவருக்குத்தான் போன் போகும். பழைய லாரி ஒன்றின் முதுகில் வின்ச் பொருத்தி வைத்திருந்தார், அதுதான் அவருடைய ரெக்கவரி வண்டி. வின்ச் என்றால் இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கிற உருளை. அந்த உருளைக்கும் டிரம் என்றுதான் பெயர். நான் விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். ஆகவே கவிழ்ந்த வண்டிகளுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் இருவரும் எப்போதும் சந்தித்துக்கொண்டோம். அதற்கு முன்பு பதினோரு வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு வாத்தியாரானவன், தொண்டை கெட்டுப்போய் வெளியே வந்தேன். தொண்டைதான் போயிற்று, வாத்தியார் புத்தி போகவில்லை. யாராவது பேச்சுவாக்கில் ‘வேகம்’ என்று சொன்னால்கூட, வேகமா திசைவேகமா என்று திருத்துகிற ஆள் நான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவரான அவரும் மற்றவர்களைப் போல என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. அதுதான் எல்லோரையும் எரிச்சல்படுத்தும். கொக்கியை மாட்டுவதற்கு முன் விழுந்து கிடக்கும் வண்டியை மூன்று சுற்று சுற்றி வருவார். குனிந்து சக்கரத்தடியில் பார்ப்பார். மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார். பிறகு அங்கே நிற்பவர்களைப் பார்த்து, “எந்தப் பக்கமுங்க?” என்பார்.

போக்குவரத்து நின்று ஒரு கிலோமீட்டருக்கு ஹாரன் அலறிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார். இவர் பக்கம் கேட்டுக்கொண்டு நிற்பார். ரோட்டுப் பக்கம்தான், வேறு எந்தப் பக்கம் இழுப்பீர்கள் என்று யாராவது கத்தினால், நாம இழுக்கற பக்கம் கேக்கலீங்க, அது போகப் பாக்கற பக்கம் என்பார். கவிழ்ந்து கிடக்கும் லாரி எங்கே போகப் பார்க்கும் என்று முதல் தடவை நானும் சிரித்தேன்.

நான் வீடு மாற்றியபோது உதவிக்கு வந்தார். என் மைத்துனர்கள் இருவரும் நானும் ஓர் இரும்பு பீரோவைக் கதவுக்கு வெளியே கொண்டுபோகப் போராடிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஆகியும் பீரோ நின்ற இடத்தில் நின்றது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மூணு பேரும் எந்தப் பக்கம் தள்ளறீங்க என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தோம், மூன்று பேரும் மூன்று பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம். என் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அவர் வந்து புறங்கையால் என் பிடரியைத் தொட்டுவிட்டு, சூடு நல்லா இருக்குது, பீரோதான் நகரல என்றார். என் மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்குக் கோபம்.

எங்களுக்குள் ஒரு பெரிய விவகாரம் எடப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் தொடங்கியது. கார் உள்ளே விழுந்திருந்தது. ஓட்டியவர் நீந்தி ஏறித் தப்பிவிட்டார். கிணற்று விளிம்பு இளகிய மண். ரெக்கவரி வண்டி பக்கத்தில் போனால் அதையும் எடுக்க இன்னொரு வண்டி வர வேண்டியிருக்கும். கிணற்றின் குறுக்கே இரண்டு இரும்பு உத்தரம் போட்டு, நடுவில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டார். தன் வண்டியை ஐம்பது அடி தள்ளிக் கிழக்கே நிறுத்தினார். கயிறு தரையோடு தரையாகப் போய்க் கப்பியில் மடங்கிக் கிணற்றுக்குள் இறங்கியது. வின்ச் சுற்ற ஆரம்பித்ததும் கார் தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். விசை, இடப்பெயர்ச்சி, இரண்டையும் பெருக்கினால் வேலை என்று பக்கத்தில் நின்ற தோட்டக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காரைக் கிணற்றுக்கு வெளியே தரையில் இறக்கிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

“எனக்கொரு சந்தேகமுங்க வாத்தியாரே. இழுக்கறதுக்குப் பக்கம் இருக்குது. நகர்றதுக்கும் பக்கம் இருக்குது. ரெண்டையும் பெருக்கினா வர்ற வேலைக்கு மட்டும் பக்கம் கெடையாதுன்னு பத்தாவதுல படிச்சேன். அந்தப் பக்கம் எங்கீங்க போச்சு?”

குச்சி எடுத்துத் தரையில் இரண்டு அம்பு வரைந்தேன். விசை வெக்டர், இடப்பெயர்ச்சி வெக்டர். இரண்டுக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால் கிடைப்பது ஸ்கேலர், அதாவது அளவு மட்டும் உண்டு, திசை கிடையாது என்றேன். நடுவில் உள்ள கோணம், அதன் கொசைன், தொண்ணூறு டிகிரியானால் பூஜ்ஜியம், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது நீங்க வெச்ச விதிங்க, ஏன் அப்படி வெச்சீங்கன்னுதான் கேக்கறேன் என்றார்.

வரையறையே அப்படித்தான் என்று குச்சியைத் தூக்கிப் போட்டேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ‘வேலை ஏன் ஸ்கேலர் அளவு?’ என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பதில் ஒரே வரி. அந்த ஒரு வரியை எல்லோரும் எழுதினார்கள், நானும் டிக் அடித்தேன். அந்த வரிக்குப் பின்னால் ஒரு ‘ஏன்’ மிச்சம் இருப்பதை ஒரு வின்ச் வண்டிக்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. சேந்தமங்கலத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வரச் சொன்னார். உங்க ஸ்கேலர் கெடைச்சிருச்சு என்றார். பாதிச் சோற்றில் எழுந்து போனேன், அதுதான் என் லட்சணம்.

கொல்லிமலையிலிருந்து இறங்கிய ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. பிரேக் தீய்ந்த வாடை தூரத்திலேயே அடித்தது. டிரைவர் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பின் சக்கரத்தருகே உட்கார வைத்து, டிரம்மிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே என் கையைத் திருப்பிப் பிடித்தார். அனல் அடித்தது.

“எழுவது வளைவுங்க. பாதி எடது, பாதி வலது. வண்டி ஒருக்கா வடக்க பாத்து வந்துது, ஒருக்கா தெக்க பாத்து வந்துது. பிரேக்கும் ஒருக்கா தெக்க பிடிச்சுது, ஒருக்கா வடக்க பிடிச்சுது. பக்கம்னு ஒண்ணு இருந்தா வடக்கயும் தெக்கயும் கழிஞ்சு போயி டிரம்மு பச்சத் தண்ணியாட்டம் இருக்கோணும். இது ஏறிட்டேதான வந்திருக்குது?”

நான் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் பதில். வண்டி திரும்பும்போது பிரேக்கின் விசையும் சேர்ந்து திரும்புகிறது. இரண்டும் எந்தத் திசையில் இருந்தன என்பது கணக்கில் வருவதில்லை, ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போயின அல்லது எதிர்த்து நின்றன என்பதுதான் வருகிறது. வண்டி இழந்ததெல்லாம் டிரம்மில் சூடாகக் குவிகிறது. அங்கே வரும் கழித்தல் குறிகூட வண்டி இழந்தது என்றுதான் சொல்கிறது, இடது வலது சொல்வதில்லை. கிணற்றடியில் கப்பி செய்ததும் இதுதான். கிழக்கைக் கொடுத்தால் மேலே என்று மாற்றித் தந்தது, வேலையை மட்டும் அப்படியே கடத்திவிட்டது. நான் பதினோரு வருடம் கொசைனை வைத்து மூடி வைத்திருந்ததை இந்த மனிதர் புறங்கையால் தடவிக் கண்டுபிடித்திருந்தார். பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக அவரைப் பிடித்துப் போனது.

அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்று சொன்னார். “அதனாலதானுங்க எனக்கு வேலை மேல நம்பிக்கை கெடையாது. எவ்ளோன்னு சொல்லும். எங்கன்னு சொல்லாது.” இளம் வயதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வெளிமாநிலம் போனவர் அவர். அங்கே ஒருநாள் சரிந்து கிடந்த இரும்புக் குழாய்களின் கட்டு ஒன்றை இழுத்தபோது பக்கம் கேட்காமல் விட்டுவிட்டாராம். மச்சான் அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தாருங்க என்றார்.  டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சந்தேகம் வைத்திருப்பார். நானும் தயாராகப் போவேன். மலைப்பாதையில் ஒரு கிழங்கு லாரி மாட்டிக்கொண்ட நாள் வரைக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சந்தேகம் கேட்டதே இல்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு வந்துகொண்டிருந்த லாரி, கீழ் வளைவுகளில் ஒன்றில் பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரை உடைத்துவிட்டது. இடது முன் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சுவரை ஒட்டி வளர்ந்திருந்த பெரிய மரம் ஒன்று லாரியின் மூக்கைத் தடுத்துப் பிடித்திருந்தது. கேபின் முன்பக்கம் நசுங்கி, டிரைவரின் இரண்டு கால்களும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. பேசவும் செய்தார். முப்பது வயதுகூட இருக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி வந்திருந்தது. இரும்பை வெட்டும் கருவியை உள்ளே நுழைக்க இடமில்லை. மரத்திலிருந்து லாரியை இரண்டடி பின்னால் இழுத்தால்தான் வெட்ட முடியும் என்றார் அவர்களுடைய அதிகாரி. ராசிபுரத்திலிருந்து வந்த புதிய ரெக்கவரி வண்டி ஒன்று மேல் ரோட்டில், லாரிக்கு நேர் பின்னால் நின்று கயிறு மாட்டியிருந்தது. இவர் தன் பழைய வண்டியை வளைவின் உட்புறம் மலையை ஒட்டி நிறுத்தி, பாறையோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ரோட்டின் குறுக்கே ஒரு கயிற்றைக் கொண்டுபோய் லாரியின் சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், பக்கவாட்டில் மாட்டியிருந்தார்.

புதிய வண்டி ஒருமுறை இழுத்தது. கிழங்குப் பாரத்தோடு நின்ற லாரி அசையவில்லை. புதிய வண்டியின் சக்கரம்தான் சரளையில் வழுக்கியது. உள்ளிருந்து டிரைவர் தண்ணீர் கேட்டார். அவர் குரல் முன்பைவிடச் சிறுத்திருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ராசிபுரத்துக்காரர் இறங்கி வந்தார். அந்தப் பக்கவாட்டுக் கயிறு சும்மா கிடக்கிறது, அதைக் கழற்றிவிட்டு இந்த வண்டியையும் பின்னால் கொண்டுவந்து இரண்டும் சேர்ந்து இழுத்தால் ஒரே நிமிடம் என்றார். இவர் தலையை ஆட்டி மறுத்தார். தன்னிடமிருந்த கப்பியை எடுத்து நீட்டி, இதை லாரியில் மாட்டி உங்கள் கயிற்றை அதில் மடித்து, நுனியை மேலே பாறையில் கட்டுங்கள், இழுவை இரண்டு மடங்காகும் என்றார். அதில் இரண்டடி நகர நான்கடி கயிறு சுற்ற வேண்டும். மடித்து மாட்டவே இருபது நிமிடம் பிடிக்கும். லாரி உரிமையாளர், டிரைவருக்கு ஏதோ உறவு போல, அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினார். இருபது நிமிசம் அவன் தாங்குவானா என்றார். அங்கே எல்லோருக்கும் அதுதான் கேள்வி.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இயற்பியல் நடத்தியவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நீங்களே சொல்லுங்கள் சார் என்றார்.

எனக்குள் கணக்கு ஓடியது. அந்தச் சாலையில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் அது ஓடும் என்ற திமிரும் சேர்ந்து ஓடியது. லாரி நகர வேண்டியது பின்னால். பக்கவாட்டுக் கயிறு அதற்குச் செங்குத்து. கோணம் தொண்ணூறு. கொசைன் பூஜ்ஜியம். அந்தக் கயிறு செய்யும் வேலை பூஜ்ஜியம். அதே வண்டியைப் பின்னால் கொண்டுபோனால் இரண்டின் வேலையும் கூட்டல். கரும்பலகையில் போட்டது போல விடை பளிச்சென்று தெரிந்தது. சத்தமாகவே சொன்னேன். அந்தக் கயிற்றால் ஒரு வேலையும் நடக்கவில்லை, கழற்றிவிட்டுப் பின்னால் போடுங்கள் என்றேன்.

அவர் என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“வேலை ஜீரோ, சரிங்க. அந்தக் கயித்துல இழுவை எவ்ளோ வருமுங்க?”

“அது இப்பத் தேவையில்லை” என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அது இப்போது தேவையில்லை என்றேன். முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் பத்தடி தூரத்தில் தண்ணீருக்காக அனத்திக்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். நேராகக் கேபினுக்குப் போனார். உடைந்த ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே கொடுத்து, டிரைவரின் நெற்றியில் புறங்கையை வைத்தார். அங்கிருந்து அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“சாமி, வண்டி உனக்கு எந்தப் பக்கம் சாயறாப்புல இருக்குது?”

 உள்ளிருந்து டிரைவர் சொன்னார். “பள்ளத்துப் பக்கமுங்ணா. மரம் உட்டா போயிரும்ங்ணா.”

அவர் திரும்பி வந்தார். தன் வண்டியில் ஏறினார். கழற்றப் போகிறார் என்று நினைத்தோம். வின்ச்சைப் பூட்டினார். இஞ்சினை அணைத்தார். சாவியை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு இறங்கி, கயிற்றின் அருகே போய் நின்றுகொண்டார். இந்தக் கயிற்றை உட மாட்டனுங்க என்றார். கப்பி அங்க இருக்குது, மாட்டுங்க.

அந்த இருபது நிமிடத்தில் அவர் வாங்கிய வசவுகளை என்னால் எழுத முடியாது. ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவன் இஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று உரிமையாளர் அவர் சட்டையைப் பிடித்தார். இவர் கையை ஓங்கவும் இல்லை, சட்டையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. சாவி இருந்த மடிப்பை மட்டும் ஒரு கையால் பிடித்திருந்தார். நான் உரிமையாளரை விலக்கிவிடப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் உரிமையாளர் கட்சி. டிரைவர் செத்துப்போனால் இந்த மனிதரின் பிடிவாதத்தால்தான் செத்தார் என்று அறிக்கையில் எப்படி எழுதுவது என்றுகூட யோசித்தேன்.

வேறு வழியில்லாமல் ராசிபுரத்துக்காரர் கப்பியை மாட்டினார். கயிறு மடிந்து போய் வந்து இறுகியது. புதிய வின்ச் மெல்ல முனக ஆரம்பித்தது. இந்தமுறை சக்கரம் வழுக்கவில்லை. லாரி ஒரு விரற்கடை பின்னால் வந்தது. இன்னொரு விரற்கடை. மரப்பட்டை உரிகிற சத்தம் கேட்டது. அரையடி. முக்காலடி. ஓரடி.

லாரியின் மூக்கு மரத்தை விட்டு விலகியது.

விலகிய மறுநொடி லாரி மொத்தமும் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது. அதுவரை அதைச் சாயவிடாமல் தாங்கி நின்றதே அந்த மரம்தான். யாரோ ஐயோ என்றார்கள், ஒருவேளை நானாகவும் இருக்கலாம். தடுப்புச் சுவரின் மிச்சக் கற்கள் உருண்டு போவது கேட்டது, அவை கீழே விழுந்து முடிகிற சத்தம் கேட்கவில்லை. மேலிருந்து கிழங்குகள் பொலபொலவென்று பள்ளத்தில் கொட்டின. ரோட்டின் குறுக்கே சும்மா கிடக்கிறது என்று நாங்கள் சொன்ன அந்தக் கயிறு கம்பி போல விறைத்தது. பாறையில் கட்டிய சங்கிலி ஒருமுறை கிறீச்சிட்டது. இஞ்சின் அணைந்த அந்தப் பழைய வண்டி ஒரு குலுக்கு குலுங்கி அப்படியே நின்றது. லாரியும் நின்றது.

 உரிமையாளரின் கை அவர் சட்டையிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். இன்னும் ஒரு அடி இருக்குதுங்க, மெதுவா இழுங்க என்று மேலே நின்ற ராசிபுரத்துக்காரரிடம் சொன்னார். அந்த ஓரடியும் வந்தது. இரண்டு வின்ச்சையும் பூட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவர் விறைத்த கயிற்றின் பக்கத்தில் நின்று, யாரையும் அதைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொண்டார். டிரைவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது இவரைத் தேடி அவர் கண்கள் அலைந்தன. இவர் கயிற்றை விட்டு நகராததால் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆம்புலன்ஸ் சத்தம் வளைவுகளில் இறங்கி மறையும் வரை நின்றேன். மெதுவாக மேலே நடந்து ராசிபுரத்து வண்டியிடம் போனேன். அதன் வின்ச் டிரம்மில் புறங்கையை வைத்தேன். இத்தனை நேரம் கழித்தும் சூடு மிச்சம் இருந்தது. திரும்பி வந்து அவருடைய பழைய வண்டியின் பின்னால் ஏறினேன். கயிறு இன்னும் விறைத்தே இருந்தது. டிரம்மில் புறங்கையை வைத்தேன். மலைக்காற்றில் குளிர்ந்து கிடந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது குளிர்ந்தேதான் இருந்தது.

அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவர் முந்திக்கொண்டார். 

“அதுல சூடு இருக்காதுங்க” என்றார். “நீங்க சொன்ன கணக்குல தப்பில்லீங்க வாத்தியாரே. ஜீரோதான்.”

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெய்யாகவே சொன்னார். பிறகு கையைத் திருப்பி, புறங்கையை என் நெற்றியில் வைத்தார். இரண்டு நொடி வைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.